நூத்துக்கு மூணு மீன்

எங்க வீட்டு சார் மீன் பிடிக்கப் போறாகன்னு யாராவது சொன்னா நம்பிராதீங்க. அவுக போறது கணக்கெடுக்க. மீனு அதுக்கு ஒரு சாக்கு. காலையில அஞ்சே முக்காலுக்கு ஸ்கூட்டர்ல தூண்டிலு, வாளி, மண்புழு டப்பா, குடை, மடக்கு ஸ்டூலு, பென்சிலு, கட்டம் போட்ட நோட்டு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு பாளையங்கோட்டையில இருந்து மேலநத்தம் படித்துறைக்குப் போவாக. ஒம்பது மணிக்குத் திரும்பி வந்து, வாளிய இறக்குததுக்கு முந்தி நோட்ட மேசையில வைப்பாக. வாளியில என்ன இருக்கும்? ஆத்துத் தண்ணி இருக்கும். அத நான் செம்பருத்திக்கு ஊத்துவேன். அந்த வருசம் செம்பருத்தி மட்டும் நல்லா பூத்துச்சு.

அவுக பேரு எஸ்றா. புள்ளியியல் துறையில முப்பத்திமூணு வருசம். நான் சாரம்மாள். சபைப் பாலர் பள்ளியில பதினெட்டு வருசம் டீச்சரா இருந்தவ. மூணு வயசுப் பிள்ளைக அறுபத ஒத்தையில மேய்ச்சிருக்கேன். ரிட்டையர் ஆன இந்த ஒருத்தர மேய்க்க முடியல.

வேலையில இருந்தப்போ அவுக என்ன செய்வாகன்னா, வயலுக்கு வயல் போயி, அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி, அந்தக் கட்டத்துக்குள்ள விளைஞ்ச நெல்ல மட்டும் அறுத்து, அடிச்சு, எடை போட்டு எழுதுவாக. அப்படி நாலு வயல எழுதினா அந்த ஊரு விளைச்சல் இன்னதுன்னு கணக்கு வந்துரும். ரிட்டையர் ஆனதும் கயிறு கட்ட வயல் இல்ல. கொண்டாந்து என் அடுக்களையில கட்டிட்டாக.

"பத்து தோசைக்கு ஒண்ணே முக்கால் தோசை பிய்யுது, சாரா."

"முக்கால் தோசை எப்படிங்க பிய்யும்?"

"அது சராசரி."

அடுத்து ஃப்ரிட்ஜ் வந்துச்சு. ஒரு நாளைக்கு இருபத்திநாலு தடவை கதவத் திறக்கேனாம். அதுல ஒம்பது தடவை ஒண்ணும் எடுக்காம மூடுதேனாம். "எதுக்குத் திறந்தேன்னு மறந்து போச்சு, அதுக்கும் ஒரு கட்டம் போட்டுக்கோங்க"ன்னு எரிச்சல்ல சொன்னேன். மறுநாள் பாக்கேன், நெசமாவே போட்டிருக்காக. 'மறதி'ன்னு தலைப்பு வேற.

எட்டு மாசம் இந்தச் சீரழிவு. "ஆத்துப் பக்கமாவது போயிட்டு வாங்களேன்"ன்னு நான்தான் தொரத்தினேன். கோயம்புத்தூர்ல இருக்க எங்க மக டார்லின் ஒரு தூண்டில் வாங்கி அனுப்பி வச்சா. வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்ட கதையாப் போச்சு.

மொத நாளே சட்டம் எழுதியாச்சு. புழுவ மாட்டி முள்ளத் தண்ணியில இறக்கினா ஒரு முயற்சி. முள்ளுல இருந்து தன் கையால கழத்தி வாளியில போட்டாத்தான் ஒரு மீனு. கடிச்சுட்டுப் போனா மீன் இல்ல. கரை வரைக்கும் வந்து முள்ளு கழண்டு விழுந்தாலும் மீன் இல்ல.

"விழுந்தத ஓடிப் போயி கையில பிடிச்சா?"ன்னு கேட்டேன்.

"அதுக்குத் தூண்டில் எதுக்கு? முள்ளுல இருக்கணும் சாரா. தூண்டிலுக்குத்தான் கணக்கு, கைக்கு இல்ல."

இப்படி அளந்ததுல வந்த விடை, நூத்துக்கு மூணு. நூறு தடவை தூண்டில் போட்டா மூணு மீனு. "மிச்சம் தொண்ணூத்தேழு புழு?"ன்னா, "அது மீனுக்குச் சாப்பாடு"ன்னுட்டாக. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்லுவாங்கள்லா, எங்க வீட்டுல அதுக்கு நோட்டே இருக்கு. அதுக்கப்புறம் விகிதத்தக் கூட்டுதேன்னு, கோதுமை மாவுல பெருங்காயம் போட்டுப் பிசைஞ்சாக. எள்ளுப் புண்ணாக்கு வச்சாக. மேலப்படி, கீழ்ப்படி, கிழக்க பாத்து, மேக்க பாத்துன்னு இடம் மாத்தினாக. என் நல்ல பெருங்காய டப்பா தீந்ததுதான் மிச்சம். நூத்துக்கு மூணு அசையவே இல்ல.

அதே படித்துறைக்குப் பிச்சைக்கண்ணு வருவான். மேலநத்தத்துக்காரன், எங்க தென்னையில தேங்கா பறிச்சுப் போடுதவன். வயல் வேலைக்குப் போறதுக்கு முந்தி ஒரு கம்பு, கொஞ்சம் தங்கூசி நரம்பு, ஒரு முள்ளு, இம்புட்டுதான். அரை மணி நேரத்துல கெண்டையும் ஜிலேபியுமா உசிரோட வாளியில நீந்தும். சார் அவன்கிட்ட ஒரு நாள் கேட்டிருக்காக, "உனக்கு விகிதம் எவ்வளவு வரும் பிச்சைக்கண்ணு?" அவன் யோசிச்சுட்டு, "எங்க வீட்டுல அஞ்சு பேரு சார், அஞ்சு பேருக்குக் காணும்"னானாம். அதையும் எழுதிக்கிட்டு வந்தாக.

ஆவணியில பதினெட்டு நாள் தொடர்ந்து பூஜ்யம். பத்தொம்பதாம் நாள் அவுக கிளம்பல. நாற்காலியில உக்காந்து சுவரையே பாத்துக்கிட்டு இருந்தாக.

"என்னங்க, ஆத்துக்குப் போகலியா?"

"எனக்கு அளக்கத்தான் தெரியும் சாரா. அடுத்தவன் விளைய வச்சத அளந்தே காலம் போயிட்டு. நானா ஒண்ணு கொண்டு வரத் தெரியல."

பாவமா இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு. ரெண்டாவது, மத்தியானமே ஃப்ரிட்ஜ் நோட்ட வெளிய எடுத்துட்டாக. மறுநாளே பிச்சைக்கண்ணுவத் தேங்கா பறிக்கக் கூப்பிட்டேன்.

இங்கன ஒரு விசயம் சொல்லணும். எங்க வீட்டுக்குள்ள பொய்க் கணக்கு அது வரைக்கும் வந்ததே இல்ல. சேரன்மாதேவிப் பக்கம் என் தம்பி ஞானசிகாமணிக்கு வயல் உண்டு. ஒரு வருசம் தண்ணி இல்லாம பயிரு காஞ்சு போச்சு. விளைச்சல் இன்ன அளவுக்குக் கீழ போனாத்தான் ஊருக்கே பயிர்க் காப்பீடு வரும். அளக்கப் போனது எங்க வீட்டு சாரு. குலுக்கல்ல விழுந்த நாலு வயல்ல ஒண்ணு என் தம்பி வயலு. எடை போட்டா, கட்டத்துக்கு எரநூறு கிராம் கூட வருது. அந்த எரநூறு கிராமத் தள்ளிட்டா ஊரே பொழச்சிரும். தம்பி கெஞ்சினான். நானும் அழுதேன். "எரநூறு கிராம் மாத்தி எழுதினா யாருக்கு என்ன ஆயிரும்?"னு கேட்டேன். அவுக இருந்தத இருந்தபடி எழுதிட்டாக. அன்னையில இருந்து தம்பி எங்க வாசப்படி மிதிக்கல. நானும் அத மறக்கல.

அப்படிப்பட்ட மனுசன் நோட்டுல நான் கள்ள மீன் எழுத வச்சேன்.

விசயம் ரொம்ப லேசு. சார் ஏழு மணிக்குத் தூண்டில அப்படியே தண்ணியில போட்டுட்டு, கம்பக் கல்லிடுக்குல சொருகிட்டு, மேல டீக்கடைக்குப் போவாக. அந்த நேரத்துல பிச்சைக்கண்ணு தன் வாளியில இருந்து ஒரு மீன எடுத்து சாரோட முள்ளுல மாட்டித் தண்ணியில விட்டுரணும்.

"பைய மாட்டுப்பா, வாய்ல கடிச்ச மாதிரியே இருக்கணும்"னேன்.

"டீச்சர், களவாங்கத்தான் பயப்படணும். குடுக்கதுக்கும் பயப்படணுமா?"ன்னு சிரிச்சான். "சரி, சார் மூஞ்சியப் பாக்க எனக்கும் சகிக்கல. உங்க வீட்டு மிளகாப்பொடி ஒரு டப்பா தாங்க, போதும்."

மறுநாள் எட்டு மணிக்கே வாசல்ல ஸ்கூட்டர் சத்தம். "சாரா! ஏ சாரா!" கல்யாணத்தன்னைக்குக் கூட அவுக என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. உள்ளங்கை நீளத்துல ஒரு கெண்டை. நான் ஆச்சரியப்பட்ட மாதிரி வாயில கைய வச்சேன். நல்லாத்தான் நடிச்சேன்.

ரெண்டு வாரத்துல அவுக கண்டுபிடிச்சுட்டாக. என்னையன்னு நினைச்சுராதீங்க. கோட்டித்தனமா வேற ஒண்ணக் கண்டுபிடிச்சாக. மீன் எல்லாம் டீ குடிச்சுட்டு வந்த பிறகுதான் மாட்டுது. அப்ப என்ன அர்த்தம்? "மனுச நிழல் மீனுக்கு ஆகாது சாரா. தூண்டிலப் போட்டுட்டு ஆளு விலகிரணும். இத யாரும் இது வரைக்கும் அளந்து பாக்கல!" உடனே டீ ஒண்ணு ரெண்டாச்சு. ரெண்டு மூணாச்சு. ஒவ்வொரு டீக்கும் ஒரு மீனு. பாவம் பிச்சைக்கண்ணு, மூணு தடவையும் மாட்டி விட்டிருக்கான். விகிதம் நூத்துக்கு இருபதுக்குப் போயிட்டு. அவுகளுக்கு நெஞ்செரிச்சல் வந்து ஜெலுசில் குடிக்காக. எனக்கு ஆண்டவர் கையோட தண்டனை குடுத்துட்டாரு, தினம் மூணு முள்ளு மீனுக்குச் செதிள் உரசணும்.

இருந்தாலும் அவுக முகத்துல ஒரு வெளிச்சம் இருந்துச்சு. ஃப்ரிட்ஜ் நோட்டு பழைய பேப்பருக்குப் போயிட்டு. சரி, யாருக்கு என்ன நட்டம்னு இருந்தேன். ஐப்பசியில வந்து வெடிகுண்டத் தூக்கிப் போட்டாக. ஓய்வூதியர் சங்கத் தலைவர் தளவாய் சார் கேட்டிருக்காராம், பொங்கலுக்கு அப்புறம் நடக்க கூட்டத்துல 'தூண்டிலில் வெற்றி விகிதம்'னு அரை மணி நேரம் பேசணுமாம்.

எனக்குத் தலை சுத்திட்டு. அங்கன வாரது நாப்பது பேரு. எல்லாரும் எங்க சாரோட வேலை பாத்தவுக. எஸ்றா எழுதினா மறு எடை போட வேண்டாம்னு சொன்னவுக. அவுக முன்னால போயி இந்த மனுசன் கள்ள மீன எண்ணிச் சொல்லப் போறாக. சொல்லித் தொலைச்சிரலாம்னு தினம் நினைப்பேன். நோட்டத் தடவிக்கிட்டு உக்காந்திருக்க முகத்தப் பாத்தா வாய் வராது. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கது கூட லேசு, வாளி மீன மறைக்க முடியல.

மார்கழி பிறந்துச்சு. மீன் நின்னுட்டு. ஒண்ணாந்தேதியில இருந்து ஒரு வாரம் பூஜ்யம். எனக்கு கிறிஸ்மஸ் வேலை, வீட்டுக்கு வெள்ளை அடிக்க, அச்சு முறுக்கு சுட. கவனிக்கல. பிறகு பிச்சைக்கண்ணுவக் கூப்பிட்டு விட்டேன். பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, கழுத்துல மாலையோட வந்து நிக்கான்.

"ஏம்ப்பா, என்ன ஆச்சு?"

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கிய! மாலை போட்டிருக்கேம்லா. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து போணும். மீன எப்படித் தொட?"

நான் தலையில கைய வச்சு உக்காந்துட்டேன். நான் வேதக்காரி, முருகனுக்கு மாலை போடுத மாசம் எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை"ன்னு கேட்டேன். அவன் காதப் பொத்திக்கிட்டான்.

வீட்டுல ஆராய்ச்சி நடக்கு. தண்ணி குளிர்ந்து போச்சா, அணையில தண்ணி திறந்தாகளா, டீயில சீனி கூடிப் போச்சா. தினம் அஞ்சு டீ. கட்டம் மேல கட்டம். கூட்டத்துக்குப் பன்னெண்டு நாள் இருக்கையில, காலையில ஏழரைக்கே ஸ்கூட்டர் வந்து நின்னுச்சு. அவுக வந்து மேசையில நோட்ட விரிச்சாக. புதுசா ஒரு கட்டம். தலைப்பு, 'பிச்சைக்கண்ணு'.

"அவன் தூண்டில் போட்ட நாள்லதான் எனக்கு மீனு. அவன் மாலை போட்ட நாள்ல இருந்து இல்ல. அவன்கிட்டயே கேட்டேன் சாரா. மாலையப் பிடிச்சுக்கிட்டு, 'இதப் போட்டுட்டுப் பொய் சொல்லப்படாது சார், டீச்சர் சொல்லித்தான் மாட்டினேன்'னுட்டான்."

மீனத் தொட மாட்டான்னு எனக்குத் தெரிஞ்சுது. பொய்யையும் தொட மாட்டான்னு என் மரமண்டைக்கு ஏறலியே.

"உங்களுக்காகத்தான செஞ்சேன்!" நான்தான் கத்தினேன். தப்பு செஞ்சவளுக்குத்தான் சத்தம் கூட வரும். "பத்தொம்பதாம் நாள் நீங்க உக்காந்திருந்த கோலத்தப் பாத்து என்னால தாங்க முடியல!"

அவுக சத்தம் போடல. சத்தம் போட்டிருக்கலாம்.

"எரநூறு கிராம் மாத்தினா யாருக்கு என்ன ஆயிரும்னு அன்னைக்குக் கேட்டியே. எனக்கு அப்பப் பதில் தெரியல. பக்கத்து ஊருக்கு நட்டம், அரசாங்கத்துக்கு நட்டம்னு என்னமோ சொல்லியிருக்கலாம், அது ஒண்ணும் எனக்கே பெருசாத் தெரியல. இப்பத் தெரியுது. மாத்தி எழுதினத நம்பி, நான் எனக்கு மீன் பிடிக்கத் தெரியும்னு நாலு மாசம் நினைச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு ஆயிட்டு சாரா."

அவுக நோட்ட மூடினாக.

"ஞானசிகாமணி வராம பதினோரு கிறிஸ்மஸ் ஆயிட்டு. நீ மட்டும் எண்ணுதன்னு நினைக்காத."

அடுக்களைக்குள்ள போயி ஃப்ரிட்ஜத் திறந்தேன். எதுக்குத் திறந்தேன்னு தெரியல. அப்படியே நின்னு அழுதேன். இத்தனை வருசமும் என் தம்பி வராததுக்கு நான் ஒருத்திதான் வலிச்சுக்கிட்டு இருக்கேன்னு நினைச்சிருந்தேன். வெக்கமா இருந்துச்சு.

கூட்டத்துக்குப் போக மாட்டாகன்னு நினைச்சேன். போனாக. என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாக. போண்டாத் தட்டோட நான் முன் வரிசையில உக்காந்திருக்கேன். அவுக எழுந்து நோட்ட விரிச்சு, ஆபீசுல அறிக்கை வாசிக்க அதே குரல்ல வாசிச்சாக.

"மொத்த முயற்சி நாலாயிரத்து நூறு. பதிவான மீன் முந்நூற்று அறுபத்து மூன்று. இதில் இருநூற்று நாற்பது மீன்கள் கணக்கிலிருந்து நீக்கப்படுகின்றன. காரணம், கள ஆய்வாளர் வீட்டார் தலையீடு."

நாப்பது தலையும் என் பக்கம் திரும்புச்சு. தளவாய் சார், "யம்மா, குழம்பு ருசியா இருந்துச்சா?"ன்னாரு. சிரிப்புல கூரை பறந்துட்டு. எனக்கு அந்தப் போண்டாவுக்குள்ளயே போயி ஒளிஞ்சுக்கிடலாம் போல இருந்துச்சு. அவுக சிரிப்பு அடங்குத வரைக்கும் நின்னு, அடுத்த வரிய வாசிச்சாக.

"எஞ்சிய விகிதம் நூற்றுக்கு மூன்று. இனி ஒவ்வொரு நாள் பதிவுக்கும் மேற்பார்வைக் கையெழுத்து உண்டு. மேற்பார்வையாளர், திருமதி சாரம்மாள் எஸ்றா."

என்னைய ஒரு வார்த்தை கேக்கல.

அன்னையில இருந்து என் பாட்ட என்னத்தச் சொல்ல. காலையில அஞ்சே முக்காலுக்கு ஸ்கூட்டர் பின்னால வாளியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் போறேன். மடக்கு ஸ்டூல்ல உக்காந்து கொசுக்கடி வாங்குதேன். ஒவ்வொரு முயற்சிக்கும் கோடு போட்டு, கடைசியில பூஜ்யம்னு எழுதிக் கையெழுத்துப் போடுதேன். டீ ஒரே ஒரு தடவை, அதுவும் பிளாஸ்க்குல நான் கொண்டு போறது. தூண்டில விட்டு ஒரு எட்டு நகர மாட்டாக. பிச்சைக்கண்ணு திருச்செந்தூர் போயி மாலையக் கழத்திட்டு வந்துட்டான். விபூதிப் பொட்டலத்தோட மூணு படி தள்ளி உக்காந்து பழையபடி மீன அள்ளுதான். எங்க பக்கம் திரும்பிப் பாக்கவே பயப்படுதான்.

இருபத்திரெண்டு நாள் பூஜ்யம். அவுக முகம் பழையபடி சுவரப் பாக்க முகமா மாறிக்கிட்டு வந்துச்சு. ஆண்டவரே, ஒரே ஒரு மீனு, அயிரையா இருந்தாலும் பரவாயில்லன்னு வாய்க்குள்ள முணங்கிக்கிட்டே இருந்தேன்.

இருபத்திமூணாம் நாளு, பதினாலாவது முயற்சி. தக்கை ஒரே முங்கா முங்கிட்டு. அவுக கம்ப வெட்டி இழுத்தாக. தண்ணியப் பிச்சுக்கிட்டு முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் மேல வருது! "இழுங்க! இழுங்க!"ன்னு நான் குதிக்கேன். படி வரைக்கும் வந்துட்டு. வந்து ஒரு துள்ளு. சொத்துன்னு என் காலடியில ஈரக்கல்லுல விழுந்துச்சு. நான் குடையத் தூரப் போட்டுட்டு ரெண்டு கையாலயும் அமுக்கிட்டேன். வழவழன்னு திமிருது. என் கையில இருக்கு. நெசமான மீனு, யாரும் மாட்டி விடாத மீனு.

"டீச்சர், விட்டுராதிய!"ன்னு பிச்சைக்கண்ணு கத்துதான்.

நான் நிமிந்து பாத்தேன். அவுக கையில கம்பு. நரம்பு காத்துல ஆடுது. முள்ளு வெறுமனே தொங்குது.

அவுக என்னையே பாத்துக்கிட்டு நிக்காக. அந்தக் கண்ணுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், முப்பத்தஞ்சு வருசமாப் பாக்கேம்லா. ஒண்ணுன்னு எழுதேன், சாரான்னு அந்தக் கண்ணு கெஞ்சுச்சு. சட்டம் எழுதின அதே மனுசன். என் தம்பியும் இப்படித்தான் நின்னான்.

கைய விட்டேன். விரால் ரெண்டு படி உருண்டு தண்ணிக்குள்ள போயிட்டு. "ஐயோ, என்ன டீச்சர்!"னு பிச்சைக்கண்ணு தலையில அடிச்சுக்கிட்டான்.

சேலையில கையத் துடைச்சுட்டு நோட்ட எடுத்தேன். முயற்சி பதினாலு, மீன் பூஜ்யம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அவுககிட்ட நீட்டினேன்.

அவுக அத வாங்கிப் பாத்தாக. துண்ட எடுத்து மூஞ்சியத் துடைச்சாக, கண்ணையும் சேத்து. பிறகு சொல்லுதாக, "கையெழுத்து கட்டத்துக்கு வெளிய போயிருக்கு, சாரா."

"போனாப் போகட்டும்"னேன். "அடுத்த புழுவ மாட்டுங்க."